பாட்டுக்குழுவின் ஒன்பதாம் விதி

சென்ற மாதம் எங்கள் பாடசாலையின் சங்கீத டீச்சர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். நான் ஓய்வுபெற்ற இடத்துக்கு வந்திருப்பவர். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். பாட்டுக்குழுவில் சேருகிற பிள்ளைகளுக்கான விதிகளை எழுதி வைத்து, பெற்றோரிடம் ஒப்பம் வாங்கவேண்டும் என்று அதிபர் சொல்லியிருக்கிறாராம்.

"டீச்சர், உங்கட காலத்து விதித்தாள் ஒண்டு இருந்ததாம். அலுமாரி முழுக்கத் தேடினனான், கிடைக்கேல்லை."

என்னிடம் ஒரு பிரதி இருந்தது. படம் எடுத்து அனுப்பினேன். பத்து நிமிடத்தில் மறுபடியும் எடுத்தார்.

"டீச்சர், எட்டுக்குப் பிறகு பத்து வருது. ஒன்பதைக் காணேல்லை. எழுதேக்க விடுபட்டதோ?"

விடுபடவில்லை. ஒன்பதாவது விதி ஒன்று இருந்தது. அதை நாங்களே எடுத்தோம். எண்ணை மட்டும் மாற்றாமல் விட்டோம். ஏன் என்று சொல்லத் தொடங்கி அரைமணி நேரம் போன பிறகும் கதை பாதியில்தான் நின்றது. "எழுதித் தாங்கோவன் டீச்சர், ஆறுதலா வாசிக்கிறன்" என்றார். அதனால் எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது பாலையூற்றில். யாழ்ப்பாணத்தில் சங்கீதம் படித்தேன். அந்த நான்கு ஆண்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. நன்றாகப் பாடுகிறவர்களுக்கு நடுவில் இருந்து நன்றாகப் பாடக் கற்றுக்கொண்டேன். பாட வராத ஒரு பிள்ளைக்கு என்ன செய்வது என்று அங்கே யாரும் சொல்லித் தரவில்லை. கேட்கவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. முதல் நியமனம் மூதூரில். காலையில் கடலைக் கடந்து லோஞ்சில் போய், பின்னேரம் லோஞ்சில் திரும்புவேன். காற்றுக் காலத்தில் சேலைக் கரை நனைந்தபடியே வகுப்பில் நின்று ஸரளி வரிசை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஐந்தாம் வருடம் நகரத்துக்கு இடமாற்றம் கிடைத்தது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் பாடசாலை. அங்கே சங்கீதப் பகுதிக்குப் பொறுப்பாக நாகேஸ்வரி டீச்சர் இருந்தார்.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளையையும் 'நீங்கள்' என்றுதான் கூப்பிடுவார். நாற்பது பிள்ளைகள் பாடிக்கொண்டிருக்கும்போது எங்கேயோ ஒரு பிழை விழுந்தால் வலது கையை மேலே தூக்குவார். எல்லாக் குரலும் நிற்கும். "திரும்ப" என்பார். யார் விட்ட பிழை என்று ஒருநாளும் சொல்லமாட்டார். ஒருமுறை நான் கேட்டேன்.

"எனக்குத் தெரியும், அந்தப் பிள்ளைக்கும் தெரியும். மற்ற ஆக்களுக்கு ஏன், பவானி?" என்றார்.

பாட்டுக்குழுவின் பதினொரு விதிகளும் அவருடைய கையெழுத்தில், ஒரு மட்டையில், சங்கீத அறைச் சுவரில் தொங்கின. ஒன்றரைக்குப் பாடசாலை விடும். செவ்வாயும் வியாழனும் இரண்டு மணிக்குச் சுருதிப் பெட்டி போடப்படும். பெட்டி போட்ட பிறகு யாரும் உள்ளே வர முடியாது. பிந்தி வந்தவர் வாசலுக்கு வெளியே இருந்து கேட்கவேண்டும். முதல் மூன்று நிமிடம் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு சுருதியைக் கேட்கவேண்டும். அதன் பிறகு 'ம்' என்று முனகல், பிறகு 'ஆ'. பிறகு பாட்டின் சொற்களை மெட்டில்லாமல், தாளத்தில் மட்டும் எல்லோருமாகச் சொல்லவேண்டும். மெட்டு அதற்குப் பிறகுதான். பாட்டைத் தன் கையால் எழுதவேண்டும், போட்டோக் கொப்பி கூடாது. இரண்டாம் கிழமையிலிருந்து கொப்பியைத் திறக்கக்கூடாது. போட்டிக்கு முந்திய பத்து நாட்களும் ஐஸ்பழம் இல்லை, உப்பும் தூளும் போட்ட மாங்காய் இல்லை. தொடர்ந்து இரண்டு பயிற்சிக்கு வராதவர் வீட்டிலிருந்து கடிதம் கொண்டுவரவேண்டும். நோன்பு காலத்தில் நோன்பு பிடிக்கிற பிள்ளைகள் இருந்தபடியே பயிற்சி செய்யலாம், மூன்று மணிக்கு அவர்களை விட்டுவிடவேண்டும். இதையும் விதியாகவே எழுதியிருந்தார். "நான் இரக்கப்பட்டு விடுறதா இருந்தா, நான் இல்லாத நாளில ஆர் விடுறது?" என்பது அவருடைய நியாயம். மேடையில் பக்கத்துப் பிள்ளை பிழைவிட்டால் திரும்பிப் பார்க்கக்கூடாது. சபையில் அம்மா அப்பாவைத் தேடக்கூடாது.

ஒன்பதாவது விதி இப்படி இருந்தது: 'சுருதி சேராதவர்கள் பின்வரிசையில் நின்று, சொற்களை உதட்டால் மட்டும் சொல்வர்.'

ஒவ்வொரு தை மாதமும் புதுப் பிள்ளைகளைப் பரீட்சிப்பது என்னுடைய வேலை. பெட்டியை ஐந்தரைக் கட்டையில் வைத்து, ஆர்மோனியத்தில் மேல் ஸட்ஜத்தை அழுத்துவேன். பிள்ளை அந்த 'ஸா'வைப் பிடிக்கவேண்டும். மேல் ஸட்ஜத்தைத் தொடுகிற பிள்ளை மற்றதையெல்லாம் தொடும் என்பது கணக்கு. பிடித்தால் முன்வரிசை, தடுமாறிப் பிடித்தால் நடுவரிசை, பிடிக்காவிட்டால் பின்வரிசை. ஒரு பிள்ளைக்கு அரை நிமிடம் போதும். பின்வரிசைக்குப் போன பிள்ளைகளைக் குழுவை விட்டு யாரும் விலக்கவில்லை. உடுப்பு, ரிப்பன், போட்டிக்குப் போகிற பஸ், எல்லாம் அவர்களுக்கும் உண்டு. சத்தம் மட்டும் வரக்கூடாது.

அப்படிப் பின்வரிசைக்கு நான் அனுப்பிய பிள்ளைகளில் ஒருத்தி சுகிர்தா. கப்பல்துறையிலிருந்து பஸ்ஸில் வருவாள். ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தபோதே நெட்டையாக இருந்தாள். இரண்டு வருடத்தில் அவள் ஒரு பயிற்சியும் விடவில்லை. ஒருநாள் மழைக்கு பஸ் வராமல், நனைந்தபடி யாரோ ஒரு ஓட்டோக்காரரிடம் கேட்டு ஏறி, இரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வந்து நின்றாள். பாட்டுச் சொல் யாருக்காவது மறந்துபோனால் பிள்ளைகள் திரும்பி அவளுடைய வாயைத்தான் பார்ப்பார்கள். நாங்கள் அவளுக்கு அனுமதித்தது அந்த வாயசைப்பு ஒன்றுதான். அதை ஒரு எழுத்துப் பிசகாமல் செய்தாள்.

அந்த வருட மாகாணப் போட்டி எங்கள் ஊரிலேயே நடந்தது. நாகேஸ்வரி டீச்சரே எழுதி மெட்டமைத்த பாட்டு. முதலாம் இடம் எங்களுக்கு. வெளியே விறாந்தையில் பிள்ளைகள் குதித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது ஒருவர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். வெள்ளைச் சேட்டு போட்டிருந்தார். நக இடுக்கில் எஞ்சின் எண்ணெய் கறுப்பாக இருந்தது. கொஞ்சம் பலமாகவே கதைத்தார்.

"டீச்சர், நான் சுகிர்தாவின்ர அப்பா, சிவராசா. துறைமுகத்தில கப்பல் இழுக்கிற டக்கில எஞ்சின் அறை வேலை. இண்டைக்குத்தான் லீவு கிடைச்சது. பிள்ளை பாடினது எனக்கு ஒரு சொல் விடாமல் விளங்கிச்சுது டீச்சர். மற்றப் பிள்ளையளை விடத் துலாம்பரமா!"

அவருக்குப் பின்னால் சுகிர்தா நின்றாள். அவள் என் முகத்தைப் பார்த்தாள், நான் அவரைப் பார்த்தேன்.

"ஓம், நல்லாப் பாடினவ" என்றேன்.

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று அன்று முழுக்க என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

திங்கட்கிழமை இடைவேளைக்குச் சுகிர்தா சங்கீத அறைக்கு வந்தாள்.

"டீச்சர், நான் பாடினதெண்டு அப்பாட்டை ஏன் சொன்னனீங்கள்?"

"அவர் சந்தோசமா இருந்தவர், பிள்ளை. அந்த நேரத்தில என்னத்தைச் சொல்ல?"

"நான் வீட்டில பொய் சொன்னனான்தான் டீச்சர். பின்வரிசை எண்டு சொல்லேல்லை. ஆனா அது என்ர பொய், என்னோட இருந்தது. இப்ப நீங்களும் சொல்லிப்போட்டீங்கள். டீச்சரே சொன்னவ எண்டு அவர் டக்கில எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரியிறார்."

அவள் அழவில்லை. கொப்பித் தாள் ஒன்றை நாலாக மடித்து வைத்திருந்தாள். அதை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். குழுவிலிருந்து விலகுகிறவர் காரணத்தை எழுதித் தரவேண்டும் என்பது எங்களுடைய பத்தாவது விதி. அவள் ஒரே வரிதான் எழுதியிருந்தாள். 'நான் இரண்டு வருடமாகப் பாடவில்லை.'

அந்தத் தாளை நான் நாகேஸ்வரி டீச்சரிடம் கொடுக்கவில்லை. கைப்பைக்குள் வைத்துக்கொண்டு அந்தக் கிழமை முழுக்கத் திரிந்தேன். சனிக்கிழமை கண்டி வீதி பஸ்ஸில் ஏறிக் கப்பல்துறையில் இறங்கினேன். விசாரித்துப் போனபோது சிவராசா முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, உள்ளே ஓடிப்போய்க் கதிரை கொண்டுவந்து வைத்தார். சுகிர்தா கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். அவளுடைய அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "தேத்தண்ணி போடுறன், இருங்கோ டீச்சர்" என்றார்.

நான் சொல்லத் தொடங்கினேன். தலை தானாகவே குனிந்துகொண்டது. இரண்டு வசனம்கூட முடிந்திருக்காது, சிவராசா கையைக் காட்டி நிறுத்தினார்.

"டீச்சர், கொஞ்சம் நிமிந்து சொல்லுங்கோ. நீங்கள் குனிஞ்சா எனக்கு விளங்காது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. குசினியிலிருந்து அம்மாதான் சொன்னார்: "இவருக்கு எஞ்சின் சத்தத்தில காது போயிட்டுது டீச்சர். வாயைப் பாத்துத்தான் கதை விளங்கிறது. டக்கில அவையள் எல்லாரும் அப்பிடித்தான் கதைக்கிறது."

ஆகவே நிமிர்ந்து, அவருடைய கண்ணுக்கு நேரே, மெதுவாக, சொல்லுக்குச் சொல் சொன்னேன். உங்கள் மகளைப் பாடவேண்டாம் என்று பின்வரிசையில் நிறுத்தியது நான். இரண்டு வருடமாக அவள் உதட்டை மட்டும் அசைத்திருக்கிறாள். அன்று உங்களிடம் பொய் சொன்னதும் நான்தான். ஒருவரிடம் குற்றத்தை ஒப்புக்கொள்வது கடினம். அவர் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும்போது அது இன்னும் கடினம்.

அவர் என்னுடைய கதிரைக்குக் கிட்ட வந்தார்.

"அப்ப சத்தம் வரேல்லையோ?"

"வரேல்லை."

"எனக்கு அந்த வித்தியாசம் தெரியேல்லை டீச்சர். எனக்கு எல்லாற்ற பாட்டும் ஒரு இரைச்சல்தான். நான் பிள்ளையின்ர வாயைத்தான் பாத்துக்கொண்டு இருந்தனான். ஒரு சொல்லும் விடாமல் சொன்னவ. அதைத்தான் பாட்டெண்டு நினைச்சனான்." மகளைத் திரும்பிப் பார்த்தார். "நீ பொய் சொல்லேல்லை அம்மா. எனக்கு நீ சொன்னது விளங்கினதுதானே."

சுகிர்தா அப்போதுதான் அழுதாள்.

அவளுடைய அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தார். சிவராசா அவரைக் காட்டி என்னிடம் சொன்னார்: "எனக்கு இது காணும் டீச்சர், போதும். ஆனா இவவுக்குக் காது நல்லாக் கேக்கும். அண்டைக்கு சின்னவனுக்குக் காய்ச்சல் எண்டு வரேல்லை, பிள்ளை பாடுறதை இன்னும் கேக்கேல்லை. பிள்ளைக்கு ஏலாதெண்டா விடுங்கோ, பரவாயில்லை. ஏலுமோ எண்டு வடிவாப் பாத்தனீங்களோ?"

அரை நிமிடம் பார்த்தேன் என்று அவருக்கு என்னால் சொல்ல முடியவில்லை.

அடுத்த திங்கட்கிழமை பாடசாலை விட்ட பிறகு சுகிர்தாவை ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் இருத்தினேன். வர விருப்பமில்லாமல்தான் வந்தாள். வழக்கம்போல ஐந்தரைக் கட்டையில் மேல் ஸட்ஜத்தை அழுத்தினேன். அவளுடைய குரல் பாதி தூரம் ஏறி, அங்கே நின்று நடுங்கி, கீழே விழுந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பும் இதேதான் நடந்தது. அதற்கு மேல் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. கையை எடுத்துவிட்டுச் சும்மா கதை கேட்டேன்.

"வீட்டில தம்பியை எப்பிடிக் கூப்பிடுவீங்கள்?"

"ரூபன் எண்டு."

"அப்பிடியில்லை. அவர் ஒழுங்கைக் கடைசியில விளையாடுறார். சாப்பிட வரச் சொல்லிக் கூப்பிடுங்கோ."

வெட்கப்பட்டாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள். "ரூபன்... வா..."

அந்த 'வா' நீண்டு நின்றது. சுத்தமாக, ஆடாமல், கனமாக நின்றது. நான் அவசரமாகக் கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்தித் தேடினேன். கிடைத்தது. "திரும்பக் கூப்பிடுங்கோ" என்றேன். கூப்பிட்டாள். அவளுடைய குரலும் ஆர்மோனியமும் ஒன்றாக ஒட்டிக்கொண்டன. அதுவரை நான் பிள்ளைகளைத்தான் பெட்டிக்குக் கொண்டுவரப் பார்த்தேன். பெட்டியைப் பிள்ளையிடம் கொண்டுபோனது அன்றுதான் முதல்தடவை.

பெட்டியை மூன்று கட்டைக்கு இறக்கினேன். அதிலிருந்து அவள் ஸ, ப, மேல் ஸ மூன்றையும் பிடித்தாள். நான்குக்கு ஏற்றினேன், பிடித்தாள். நாலரையில் மேல் ஸட்ஜம் மெலிந்தாலும் நின்றது. ஐந்தில் உடைந்தது. அவளுக்குச் சுருதி இருந்தது. அவளுடைய குரல் தடித்த, கீழ்க் குரல். எங்களுடைய ஐந்தரைக் கட்டைக்குள் அதற்கு இடம் இருக்கவில்லை.

அவள் வீட்டுக்குப் போன பிறகும் நான் அந்த அறையிலேயே இருந்தேன். பழைய பின்வரிசைப் பிள்ளைகளின் முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். சிலருடைய பெயர் நினைவில் வந்தது, பலருடையது வரவில்லை. அவர்களில் எத்தனை பேருக்கு இப்படி இருந்திருக்கும் என்று இனி எனக்குத் தெரிய வழியில்லை.

மறுநாள் நாகேஸ்வரி டீச்சரிடம் சொன்னேன். சுகிர்தாவின் தாளையும் கொடுத்தேன். பத்தாவது விதிப்படி அன்றைக்கே கொடுத்திருக்கவேண்டியது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார், போட்டார், மறுபடியும் கழற்றித் துடைத்தார்.

"நாலரையில பாடினா முன்வரிசைக் குரல் மங்கிப்போகும், பவானி."

"மங்கும் டீச்சர்."

"போட்டியில அடிபடும்."

"அடிபடலாம். ஆனா ஒன்பதாவது விதி பிழை டீச்சர். அது பிள்ளையளை வாயைப் பொத்தி நிப்பாட்டுற விதி."

எனக்கு அவர் பத்து வயது மூத்தவர். அப்படியொரு சொல்லை அவரிடம் நான் அதுவரை சொன்னதில்லை. அதன் பிறகு இரண்டு நாள் அவர் என்னோடு கதைக்கவில்லை. வியாழக்கிழமை பயிற்சிக்கு அரைமணி முன்னதாகவே என்னை அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

"நான் ஒன்பதாம் வகுப்பில படிக்கேக்க," என்று தொடங்கினார், "எங்கட பாட்டு மாஸ்டர் என்னைப் பாடச் சொல்லிப்போட்டு, கையைக் காட்டி வாசலுக்கு வெளியில போகச் சொன்னவர். நாற்பது பிள்ளையள் பாத்துக்கொண்டு இருந்தவை. சிரிச்சவை. நான் வெளியில ஜன்னலுக்குக் கீழ நிண்டு முழுப் பாட்டையும் பாடமாக்கினனான். அண்டைக்கு மட்டுமில்லை, வருசம் முழுக்க. சுருதி எனக்குப் பிறகுதான் வந்தது, தன்பாட்டில."

அவர் சுவரில் தொங்கிய மட்டையைப் பார்த்தார்.

"டீச்சரா வந்த உடன நான் முதல் எழுதின விதி அந்த ஒன்பதாவதுதான். ஒரு பிள்ளையையும் வெளியில விடக்கூடாது. சத்தம் வராட்டியும் உள்ளுக்க நிக்கவேணும், உடுப்புப் போடவேணும், மேடையில ஏறவேணும். அதை நான் பெரிய காரியமா நினைச்சனான்." கண்ணாடியைக் கழற்றினார், இந்த முறை துடைக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டிருந்தார். "எனக்கு ஏன் பிறகு வந்தது எண்டு நான் யோசிக்கேல்லை. ஜன்னலுக்கு வெளியில ஒருத்தரும் எனக்குக் கட்டை வைக்கேல்லை. எனக்கு ஏலுமான இடத்தில பாடினனான். அதாலதான் வந்திருக்கு, என்ன?"

நான் அவருடைய விதியைக் கொடுமை என்று நினைத்து இரண்டு நாள் கோபத்தோடு திரிந்தவள்.

அவர் எழுந்துபோய்ச் சுவரிலிருந்த மட்டையில், ஒன்பதாவது வரியின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டினார். ஒட்டி, விரலால் நீவிவிட்டார். "எண்ணை மாத்தாதைங்கோ. பத்து பத்தாவே இருக்கட்டும். பிறகு வாற ஆக்கள் ஒன்பதெங்க எண்டு கேக்கவேணும்" என்றார். பிறகு சுருதிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கேட்டார்:

"எத்தினை எண்டனீங்கள்?"

"நாலரை."

"சரி. திருப்புங்கோ."

அதற்குப் பிறகு நடந்தது சுலபமான வேலை என்று யாரும் நினைக்கவேண்டாம். முன்வரிசைப் பிள்ளைகளுக்குக் கீழ் ஸ்வரங்களில் காற்று மட்டும்தான் வந்தது. முதல் மாதம் கேட்கவே சகிக்கவில்லை. ஐந்தரையில் கண்ணாடிபோல் ஒலித்த பாட்டு நாலரையில் ஈரத்துணிபோலக் கிடந்தது. இரண்டு தாய்மார் அதிபரிடம் முறையிட்டார்கள். நாகேஸ்வரி டீச்சர் கையைத் தூக்குவார், "திரும்ப" என்பார். முன்பைவிட அதிகம் தூக்கவேண்டியிருந்தது.

பின்வரிசையில் எட்டுப் பேர் இருந்தார்கள். திங்களும் புதனும் நான் அவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அவரவர் குரல் நிற்கிற இடத்தைத் தேடி, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நாலரைக்குக் கொண்டுவந்தேன். ஒரு பிள்ளைக்கு மூன்று நாள் பிடித்தது, இன்னொரு பிள்ளைக்கு மூன்று மாதம். சுகிர்தாவோடு ஐந்து பேர் முழுதாக வந்தார்கள். இரண்டு பேர் பாதிப் பாட்டுக்கு வந்தார்கள். வராத இடங்களில் தாங்களே நிறுத்திக்கொள்ளப் பழகினார்கள். ஒரு பிள்ளைக்குக் கடைசிவரை வரவில்லை. தாளம் போடச் சொல்லிக் கேட்டோம். "வேண்டாம் டீச்சர், நான் உதட்டாலேயே சொல்றன், எனக்கு அதுதான் விருப்பம்" என்றாள். சரி என்று விட்டோம். அவளாகக் கேட்டது, நாங்கள் போட்டதல்ல.

அடுத்த வருட மாகாணப் போட்டியும் எங்கள் ஊரில்தான். எங்களுக்கு ஒரு இடமும் கிடைக்கவில்லை. நடுவர் ஒருவர் தாளில் 'சுருதி தாழ்வு, பிரகாசம் போதாது' என்று எழுதியிருந்தார். பிழையான கருத்து என்று சொல்லமாட்டேன், பிரகாசம் குறைவுதான். அதிபர் தாளை வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினார். நாகேஸ்வரி டீச்சர் பிள்ளைகளிடம் போய், "இண்டைக்கு நான் கை தூக்க நினைச்ச இடம் ஒண்டும் இல்லை" என்றார். அடுத்த மாதம் அவர் ஓய்வுபெற்றார்.

விறாந்தையில் சிவராசா நின்றார். பக்கத்தில் மனைவி. இந்த முறை அவரும் வந்திருந்தார். சின்னவனும் கையில் ஒரு பலூனோடு நின்றான். சிவராசாவின் முகம் சரியாக இல்லை. என்னைக் கண்டதும் ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டுபோய், தான் மெல்லக் கதைப்பதாக நினைத்துக்கொண்டு பலமாகக் கேட்டார்.

"டீச்சர், குறை நினைக்காதைங்கோ. பிள்ளை இந்த முறை பாடினவவோ? நான் மனுசியிட்டைக் கேட்டுக்கொண்டே இருந்தனான், பிள்ளையின்ர குரல் கேக்குதோ, கேக்குதோ எண்டு. கேக்கேல்லையாம்."

மனைவி வெட்கத்தோடு சொன்னார்: "எல்லாம் ஒரு குரலாத்தான் டீச்சர் கேட்டது. இவளின்ர எதெண்டு பிரிச்செடுக்க ஏலாமல் கிடந்தது. நான் கண்ணை மூடிக்கூடப் பாத்தனான்."

இருபது வருடம் பாட்டுக்குழு நடத்தியிருக்கிறேன். கேடயங்கள் வாங்கியிருக்கிறேன். அப்படியொரு பாராட்டு எனக்கு யாரிடமும் கிடைத்ததில்லை. சொன்னவருக்கு அது பாராட்டு என்றே தெரியாது. நான் சிவராசாவுக்கு நேரே நின்று, நிமிர்ந்து, அவர் பார்க்கும்படி நிதானமாகச் சொன்னேன்.

"பாடினவ. முதல் சொல்லில இருந்து கடைசிச் சொல் வரைக்கும் பாடினவ. சேர்ந்து பாடேக்க ஒருத்தற்ற குரல் தனியாக் கேக்கக்கூடாது. பிழைச்சிருந்தாத்தான் தனியாக் கேட்டிருக்கும்."

அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு முகம் மெல்ல மாறியது. மனைவியின் பக்கம் திரும்பினார்.

"கேட்டனீரோ? பிழைச்சிருந்தாத்தான் கேட்டிருக்குமாம்!" என்றார். அவருக்குத் தன் சத்தம் தெரியாது. விறாந்தையில் நின்ற அத்தனை பாடசாலைப் பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள்.